கடைசி நாலு பக்கம் இல்லாத புத்தகம்

நம் கூட்டத்தில் மாதம் தவறாமல் ஒரு சண்டை வருகிறது. அந்த முகமூடி வீரன் சிரிப்புப் படம் நம் மாதிரி காமிக்ஸ் பைத்தியங்களைக் கேவலப்படுத்தியதா, கௌரவப்படுத்தியதா? கண்ணாடி இல்லாமல் ஒரு பக்கம் படிக்க முடியாத கிழடுகள், இதற்குப் போய்க் காபியை ஆறவிட்டுக் கத்துகிறோம். ஒரே பெண் என்று என்னிடம் வந்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்கிறீர்கள். நான் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் ஒருவர், "இவங்க அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டாங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பார்த்தேன் ஐயா. உங்களில் பல பேர் வீடியோ கேசட்டில் பார்த்திருப்பீர்கள். நான் திண்டிவனத்தில், பெஞ்சு டிக்கெட்டில், மூட்டைப்பூச்சிக் கடியோடு பார்த்தேன். பார்த்ததற்கு இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். கேளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில் எடை பார்க்கிற வேலை; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. மாலையில் வீட்டுக்கு வந்தால் சட்டை, தலைமுடி, காது மடல் எல்லாம் தோல் தூசு மணக்கும். அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் தும்மிக்கொண்டுதான் அவரை வரவேற்போம். அண்ணனுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பதினொன்று.

அண்ணனிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் நாலு வருடத்துக் காமிக்ஸ். அவன் அவற்றை வைத்திருந்த விதம் தனி. புத்தகத்தில் வரும் இரண்டு பின்னும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும் என்று பின்களைக் கழற்றிவிடுவான். அப்பாவின் கோணி ஊசியை எடுத்து, முதுகோரமாக மூன்று ஓட்டை போட்டு, மண்டிச் சணலைப் பிரித்து மெல்லிய இழையாக்கித் தைப்பான். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. ஆயிரம் புத்தகத்துக்கு நடுவில் போட்டாலும் அவனுடையதைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே எடுத்துவிடலாம். ஆனால் தொட விடமாட்டான். "கையக் கழுவிக்கினு வா பாப்பா" என்பான். கழுவிக்கொண்டு போனால், "ஈரம் காயட்டும்" என்பான். காய்ந்ததும், "நாளைக்கு" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவுக்கு அந்தப் பெட்டி ஆகாது. காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, பறக்கிறேன் என்று மொட்டை மாடியிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டான். அன்றிலிருந்து அப்பா எங்கள் வீட்டு மாடிப்படியைப் பார்க்கிற பார்வையே மாறிப்போயிற்று. அந்த வருடம் அண்ணன் கணக்கில் தோற்றதும் கணக்கு வாத்தியார் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். அவர் சொன்ன யோசனைதான் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி.

"புடுங்கி வெச்சா ஒளிச்சுப் படிப்பான். அடிச்சா இன்னும் வீம்பு பண்ணுவான். திண்டிவனத்துல ஒரு படம் ஓடுது. ஜட்டிய வெளிய போட்டுக்கினு பறக்கறானே, அந்த வேஷக்காரன கேலி பண்ணியே எடுத்திருக்கான். கூட்டிக்கினு போய்க் காட்டுங்க. நாலு பேர் சிரிக்கறதப் பார்த்தா அவனுக்கே கூச்சம் வந்துரும்."

சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாத மனிதர், அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களைப் பஸ் ஏற்றினார். அம்மா, "எனக்கு அந்தக் கண்றாவி வேணாம்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அண்ணனால் நம்பவே முடியவில்லை. விக்கிரவாண்டி தாண்டும் வரை என் காதில், "அப்பாவா இது? அப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். எதற்கு அழைத்துப் போகிறார் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாத்தியார் சொன்னதை அப்பா அம்மாவிடம் சொன்னபோது நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

படத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லுவேன். வீரனாக வேஷம் கட்டுகிற அந்தத் தையல்காரன் முகமூடியை மாட்டிக்கொண்டு முதல்முறை வெளியே வரும்போது, முகமூடியின் சிவப்பு அவன் முகத்தில் இல்லாமல் ஒரு அங்குலம் தள்ளிக் காதில் இருக்கும். கொட்டகையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அண்ணன் மட்டும் பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தான். நம் புத்தகங்களில் அச்சு விலகி வண்ணம் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் நிற்குமே, அதைத்தான் எடுத்திருந்தார்கள். அடி விழுந்தால் 'ணங்' என்ற எழுத்து ஆகாயத்தில் வரும். அந்த எழுத்தே வீரன் தலையில் விழுந்து இரண்டாவது 'ணங்' வரும். வில்லன் கத்தியை ஓங்குவான், 'தொடரும்' என்று பலகை இறங்கும். பாவம் வில்லன், அடுத்த மாதம் வரை ஓங்கிய கையோடு நிற்பான். அவன் பெண்டாட்டி வந்து அவனுக்கு அப்படியே சோறு ஊட்டிவிட்டுப் போவாள்.

அண்ணன் அழுதுகொண்டே சிரித்தான். மூக்கு ஒழுகியது. அப்போதுதான் கவனித்தேன், கொட்டகையின் இடது கோடியில் இன்னொருவரும் சிரித்தார். அண்ணன் சிரிக்கிற இடத்தில் மட்டும், அதே நொடியில். ஊரே வாயை மூடிக்கொண்டிருக்க, இருட்டில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு சிரிப்பு. அண்ணன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். அவ்வளவு நாளும் எங்கள் ஊரில் அவனுக்கு இதைப் பற்றிப் பேச ஒரு ஈ காக்கை கிடையாது. நான் இருந்தேன், ஆனால் என் கைதான் ஈரமாயிற்றே.

அப்பா படத்தைப் பார்க்கவேயில்லை. மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சிரிக்கச் சிரிக்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

இடைவேளையில் அண்ணன் என்னை விட்டுவிட்டு ஓடினான். நான் முறுக்குப் பொட்டலத்தோடு பின்னாலேயே போனேன். அந்த இன்னொரு சிரிப்புக்காரர் ஒரு லாரி கிளீனர். இருபத்தைந்து வயது இருக்கும், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து பழகியவர்கள் மாதிரிப் பேசினார்கள்.

"தம்பி, ரெண்டு பாகமா வந்துச்சே, பாலத்துக்கு அடியில வெடிகுண்டு வைக்கிற கத. மொத பாகம் ஒரு டீக்கடயில கெடச்சு படிச்சேன். ரெண்டு வருசமா ரெண்டாவத தேடிக்கினு இருக்கறேன். வீரன் தப்பிச்சானா இல்லியான்னு தெரியாம பேஜாரா கீது."

"எங்கிட்ட இருக்குண்ணா! அடுத்த ஞாயித்துக்கெழம எடுத்தாரேன்."

"நெஜமாவா?"

"காலைல பத்து மணி. இதே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல, பழக்கட கிட்ட. நீங்க படிச்சிட்டு மெதுவா குடுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்! கூடப் பிறந்தவள் கை கழுவிக்கொண்டு நின்றால் நாளைக்கு. கிரீஸ் கை வழிப்போக்கனுக்கு ஞாயிற்றுக்கிழமையே. முறுக்கை அவனுக்குக் கொடுக்காமல் நானே தின்று தீர்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. அண்ணன் பின்படிக்கட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டான். எனக்கும் அப்பாவுக்கும் முன்பக்கம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டியது. அப்பா என் பக்கம் குனிந்து, ரகசியம் மாதிரிக் கேட்டார்.

"பாப்பா, அண்ணன் இன்னா சொன்னான்? அந்தப் புத்தகமெல்லாம் இனிமே வேணுமாமா?"

நாக்கில் சனி உட்காருகிறது என்பார்களே, அது எனக்கு அந்த நிமிடம்தான்.

"அதெல்லாம் குப்பைன்னு சொன்னான்ப்பா. வேணாமாம்."

அப்பா என் தலையைத் தடவினார். அந்தக் கையின் கனம் இப்போதும் உச்சியில் இருக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை, அமாவாசை. நாங்கள் பள்ளிக்கூடம் போனதும் அப்பா தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். அங்கே வேகவைத்த மல்லாட்டை விற்கிற தள்ளுவண்டிக்காரர் அவருக்குப் பழக்கம். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு அன்று பொட்டலம் மடிக்கக் காகிதம் போதாமல் திண்டாடுவார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியைத் துடைத்து, அதற்குள் ஒரு புது ஜியோமெட்ரி பாக்ஸும் பூகோளப் படப் புத்தகமும் வைத்திருந்தார். மண்டியில் மத்தியானமே சொல்லிவிட்டு வந்து வீட்டில் காத்திருந்தார். மகன் சந்தோஷப்படுவதைப் பார்க்க வேண்டுமாம்!

அண்ணன் பெட்டியைத் திறந்தான். பூகோளப் புத்தகத்தைத் தூக்கி அடியில் பார்த்தான். திரும்ப அதே இடத்தில் வைத்தான்.

"எங்கப்பா?"

"குடுத்தாச்சுடா. நேத்து நீயே அப்டி வுழுந்து வுழுந்து சிரிச்சியே!"

"புடிச்சதாலதாம்ப்பா சிரிச்சேன்."

அப்பாவுக்கு அது புரியவில்லை. பிடித்ததைப் பார்த்து எவனாவது சிரிப்பானா? அவர் சிரித்ததெல்லாம் ஊரில் யாரோ வழுக்கி விழுந்தபோதுதான். "அப்ப குப்பைன்னு..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

நீங்களெல்லாம் கூட்டத்தில் கேட்கிற கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. அந்தப் படம் நம்மைக் கேலி செய்யவில்லை. வீட்டு மனுஷனைத்தான் நாம் உரிமையோடு கிண்டல் செய்வோம், தெரியாதவனையா செய்வோம்? அச்சு விலகினதும் தொடரும் போட்டதும் எவனுக்குத் தெரியுமோ அவனுக்கென்றே எடுத்த படம். வெளியே நின்று பார்த்த என் அப்பாவுக்கு அது தெரிய நியாயமில்லை. உள்ளே இருந்த எனக்குத் தெரியும்.

அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். நான் அவன் பின்னால். தள்ளுவண்டியில் ஆவி பறந்தது, உப்பு மணத்தது, காகிதக்கட்டு கைப்பிடி அளவுதான் மிச்சம்.

"நான் இன்னாத்தக் கண்டேன் தம்பி! ஒங்கப்பாதானே குடுத்தாரு! காலைலேர்ந்து கூட்டம், எல்லாம் மலையனூர் பஸ்ஸுல போய்க்கினே கீது."

அவரிடம் இருந்ததில் பாலத்துக் கதை இரண்டாம் பாகத்தின் பாதி கிடைத்தது. அண்ணன் மற்ற புத்தகங்களைத் தேடவேயில்லை. அது ஒன்றைத்தான் தேடினான். புறப்பட நின்ற மேல்மலையனூர் பஸ் ஒவ்வொன்றிலும் ஏறினான். மடியில் பிள்ளையையும் கையில் பொட்டலத்தையும் வைத்திருந்த பெண்களிடம், "அக்கா, அந்தக் காயிதத்தக் குடுங்கக்கா, மல்லாட்டைய மடியில கொட்டிக்கங்கக்கா" என்று கேட்டான். கடையில் ஒரு சாமான் கேட்கக்கூடக் கூசுகிற பிள்ளை. சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவி, "சாமிக்கு வேண்டுதலா கண்ணு?" என்று கேட்டுக் கொடுத்தாள். நான் ஜன்னலுக்குக் கீழே தோல் குப்பையில் கசங்கிக் கிடந்ததையெல்லாம் பொறுக்கினேன். மூன்று ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். முழங்கால் எல்லாம் உப்புச் சேறு. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு தாள் மட்டும் கிடைக்கவில்லை. கடைசி நாலு பக்கம். வீரன் தப்பித்தானா இல்லையா என்பது அதில்தான்.

அந்த வாரம் முழுக்க அண்ணன் தாள்களைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சுருக்கம் எடுத்தான். பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தான். அப்பா கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். சனிக்கிழமை என்னைக் கேட்டான்.

"எதுக்கு பாப்பா அப்பா அப்டி நெனச்சிட்டாரு?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் பையில் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம் பாப்பா. குடுத்துட்டு ஜல்தியா வந்துர்றேன்" என்றான். வாசலில் திரும்பி, "வந்ததும் மத்த கதையெல்லாம் ஒனக்கு வாயாலயே சொல்றேன். எல்லாம் ஞாபகம் கீது" என்றான்.

வரவில்லை.

மூன்றாம் நாள், நான் சொன்ன அடையாளத்தை வைத்து அப்பா அந்த கிளீனரை லாரி ஷெட்டில் தேடிப் பிடித்தார். அவர் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பழக்கடையிலேயே நின்றாராம். "தம்பி வரலீங்களே" என்று சொல்லி அவரே அழுதார். ஆனால் பஸ் கண்டக்டர் வேறு சொன்னார். மஞ்சள் பையோடு ஒரு பையன் திண்டிவனத்தில் இறங்கினான், பழக்கடைக்கு எதிர்ப்பக்கத் தூணுக்குப் பின்னால் பஸ் திரும்பப் புறப்படுகிற வரை நின்றான், பார்த்தேன் என்றார். முடிவு இல்லாத புத்தகத்தைக் கொடுக்க அவனுக்கு முகம் இல்லை. போனது வெறும் புத்தகம்தானே என்று வீட்டுக்குத் திரும்பவும் மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திண்டிவனத்திலிருந்து எந்த ஊருக்கும் பஸ் உண்டு.

போலீஸில் சொன்னோம். பேப்பரில் படம் போட்டோம். மேல்மலையனூரில் எலுமிச்சம்பழம் மந்திரித்து வந்தோம். அம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் போனாள். போய் வந்து ஒவ்வொரு தடவையும் அப்பாவைத்தான் கேட்டாள்.

"இன்னாங்க கெடுத்துச்சு அந்தப் பெட்டி ஒங்கள? சோறு கேட்டுச்சா? யாரு சொன்னாங்க ஒங்களுக்கு? எம்புள்ளய வெரட்டிட்டியே, பாவி!"

மரியாதையில் ஆரம்பித்து ஒருமையில் முடிப்பாள். யாரு சொன்னாங்க என்று அவள் கேட்கும்போதெல்லாம் அப்பா இன்றைக்குச் சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று சுவரோடு ஒட்டி நிற்பேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஊர் அவரைக் கல்நெஞ்சன் என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஏன் மறைக்க வேண்டும்? நான் சொன்ன பொய்யை அவர் மறந்துவிட்டார் என்று நினைத்து நிம்மதிகூடப் பட்டேன். அம்மா சாகிற வரை அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

அப்பா மல்லாட்டை வாங்க ஆரம்பித்தார். ஆயுசு முழுக்க அந்தத் தூசில் புரண்டு, ஒரு கொட்டையை வாயில் போடாத மனிதர், தினம் எங்காவது ஒரு பொட்டலம் வாங்குவார். கொட்டையைத் தெரு நாய்க்கோ குழந்தைகளுக்கோ கொட்டிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பார். முற்றிவிட்டது என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள்.

அவர் கடைசியாகப் படுத்திருந்த மாதம் நான் விழுப்புரத்தில் கூட இருந்தேன். ஒரு மத்தியானம் அந்தத் தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். திறந்தால் முழுக்கப் படத் தாள்கள். எண்ணெய் பிசுக்கேறி, உப்புப் பூத்து, ஒவ்வொன்றும் கையால் நீவி நீவித் தட்டையாக்கி அடுக்கியிருந்தது. எத்தனை வருடத்துத் தாள்கள்! பாதிக் கதைகள் அண்ணன் போன பிறகு வந்தவை. அப்பாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது என்று நினைத்தேன். ஓரங்களை விரலால் தடவினேன். ஒன்றில்கூட மூன்று ஓட்டை இல்லை.

"அவனோடதுதானே பாப்பா?" என்றார்.

சாகப் போகிற மனிதர். வேறு என்ன சொல்ல?

"ஆமாம்ப்பா. அண்ணனோடதுதான்."

அப்பா ஒரு தாளை எடுத்து ஓரத்தை விரலால் தடவினார்.

"ஊசி என்னுது. ஓட்டை எனக்குத் தெரியாதா? அன்னிக்கும் பொய் சொன்ன. இன்னிக்கும் பொய் சொல்றியேம்மா."

கோபமே இல்லை குரலில். அதுதான் என்னைக் கொன்றது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். கிட்டத்தட்ட நாற்பது வருடத்து அழுகை.

"அம்மாகிட்ட ஏம்ப்பா சொல்லல? எத்தினி தடவ கேட்டுச்சு?"

"ஒரு புள்ளயத்தான் பறி குடுத்தாச்சு," என்றார். "இன்னொண்ண வெச்சிக்க வேணாமா அவளுக்கு?"

பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

பாலத்துக் கதையை மறுபதிப்புப் போட்டார்களே, நீங்களெல்லாம் வரிசையில் நின்று வாங்கினீர்களே, நானும் வாங்கினேன். கடைசி நாலு பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வீரன் தப்பித்துவிடுகிறான், வில்லன் ஆற்றில் விழுகிறான், அடுத்த மாத விளம்பரம் ஒரு பக்கம். அவ்வளவுதான். இதற்கா?

நான் உங்கள் கூட்டத்துக்கு எதற்கு வருகிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும். ஊர் ஊராகப் போய்ப் பழைய புத்தகங்களைச் சேர்க்கிறவர்கள் நீங்கள். நடைபாதையில், பழைய பேப்பர் கடையில், எவனோ விற்ற மூட்டையில் என்றாவது அந்தப் பாலத்துக் கதையின் இரண்டாம் பாகம் உங்கள் கையில் சிக்கலாம். பின் இருக்காது. முதுகோரம் தடவிப் பாருங்கள், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. கடைசி நாலு பக்கம் இருக்காது. புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். யாரிடம் வாங்கினீர்கள், அந்த ஆள் எப்படி இருந்தார், அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.